அடிக்கடி வரும் வாய்ப்புண்ணுக்குச் சிங்க் பூசலாமா?

எம்மிடம் வைத்தியத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒருவர் இணையத்தில் படித்திருப்பார். இன்னொருவருக்கு ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். தடிமனுக்கென்று வாங்கிய சிங்க் குளிசையைப் புண்ணின்மேல் வைத்துச் சூப்பிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். குழந்தையின் நப்பிப் புண்ணுக்குப் பூசும் சிங்க் கிறீமையே வாய்க்குள் பூசலாமோ என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். சாதாரண வாய்ப்புண் உயிரை வாங்கும் நோயல்ல. ஆனால் சொதி பட்டாலும் எரிகிறது, கதைத்தாலும் எரிகிறது, பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டு அழுகிறது என்னும்போது யாரும் எதையாவது பூசிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம். சிறிய வாய்ப்புண்ணுக்கு, வாய்க்கென்று தயாரிக்கப்பட்ட சிங்க் மருந்து ஓரளவு சுகம் தரலாம். புண் மீண்டும் மீண்டும் வருவதை அது நிறுத்தும் என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. மூன்று கிழமையைத் தாண்டிய புண்ணில் சிங்கோ வேறெதுவோ பூசிக்கொண்டு வீட்டில் இருப்பது ஆபத்து. இந்த மூன்றாவது விடயத்துக்காகவே இக்கட்டுரையை எழுத விரும்பினோம்.

எந்தப் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம்?

வாயில் வரும் புண்கள் பல வகை. நாம் இங்கு பேசுவது மருத்துவத்தில் 'அப்தஸ்' புண் எனப்படும் வகையை. வட்டமாக அல்லது நீள்வட்டமாக இருக்கும். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை நிறமும் சுற்றிவரச் சிவந்த வளையமும் தெரியும். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடி ஆகிய மென்மையான இடங்களில்தான் பெரும்பாலும் வரும். புண் தெரிவதற்கு முன்னரே அந்த இடம் ஓரிரு நாட்களுக்குக் கூசும் அல்லது எரியும். வழமையாகப் பிள்ளைப் பருவத்திலோ பதின்ம வயதிலோ ஆரம்பித்து, வயது போகப் போகக் குறைந்துவிடும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது என்பார்கள்.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே கோப்பையில் குடித்ததால் வந்தது என்று பிள்ளைகளை ஏசவேண்டியதில்லை. உதட்டுக்கு வெளியே கொப்புளமாக வந்து காய்ந்து பொருக்காகும் புண் வேறு. அது ஹேர்ப்பிஸ் வைரசால் வருவது, தொற்றக்கூடியது. சிறு பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வாயிலும் கையிலும் காலிலும் கொப்புளங்கள் வந்தால் அதுவும் வேறு நோய்.

அப்தஸ் புண்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு சென்ரிமீற்றரை விடச் சிறியவை. ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் தழும்பு இல்லாமல் தாமாகவே மாறிவிடும். ஒரு சென்ரிமீற்றரை விடப் பெரிதாக வருபவை மாறுவதற்குக் கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் எடுக்கும், தழும்பையும் விட்டுச் செல்லும். மூன்றாவது வகையில் குண்டூசித் தலை அளவில் பல புண்கள் ஒரே நேரத்தில் கூட்டமாக வரும்.

எதைப் பூசினாலும் மாறும் புண்

வாய்ப்புண் மருந்துகளைப் பற்றி யோசிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. சிறிய புண் எதுவும் பூசாவிட்டாலும் பத்து நாளில் மாறிவிடும். நோ கடுமையாக இருப்பது முதல் மூன்று நான்கு நாட்கள்தான். நாம் மருந்தைத் தேடிப் போவதும் அந்த நாட்களில்தான். ஆகவே நான்காம் நாள் எதைப் பூசினாலும் ஐந்தாம் நாள் சுகமாகத்தான் இருக்கும். தேன் பூசியவர் தேனைப் புகழ்வார், படிகாரம் வைத்தவர் படிகாரத்தைப் புகழ்வார், சிங்க் பூசியவர் வட்ஸ்அப்பில் எழுதுவார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மருந்து வேலை செய்ததா, நாள் வேலை செய்ததா என்பதை அவர்களுடைய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இதனால்தான் ஒரு பகுதியினருக்கு மருந்தையும் மறு பகுதியினருக்கு அதே தோற்றமுள்ள வெறும் பொருளையும் கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று நோயாளருக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

சிங்க் என்பது என்ன?

பாடசாலை இரசாயனவியலில் இதை 'நாகம்' என்று படித்தோம். தமிழ்நாட்டார் துத்தநாகம் என்பர். இங்கு கடைகளில் எல்லாம் சிங்க் என்றே எழுதியிருப்பதால் அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறோம்.

நமக்கு இது புதிய பொருளல்ல. ஊரில் வேர்க்குருவுக்குப் பூசிய இளஞ்சிவப்புக் கலமைன் மருந்தில் இருந்தது சிங்க் ஒக்சைட். கிறிக்கெற் வீரர்கள் மூக்கில் வெள்ளையாகப் பூசிக்கொள்வதும் அதுதான். காயத்தைச் சற்று உலர்த்தும், மேலே மெல்லிய படலமாக நின்று காக்கும், சில கிருமிகளின் வளர்ச்சியையும் தடுக்கும். உடம்பின் உள்ளேயோ அதன் வேலை இன்னும் பெரிது. முந்நூறுக்கு மேற்பட்ட நொதியங்கள் இயங்குவதற்கு அது வேண்டும். புதிய தோல் வளர்வதற்கும் நோயெதிர்ப்புச் சக்திக்கும் வேண்டும்.

மனிதருக்குச் சிங்க் குறைபாடு வரும் என்பதையே மருத்துவ உலகம் நீண்டகாலம் நம்பவில்லை. இந்தியாவில் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற வைத்தியர் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை செய்தபோது, இருபது வயதைத் தாண்டியும் பத்து வயதுச் சிறுவனைப் போலிருந்த ஓர் இளைஞனைக் கண்டார். அங்கு ஏழைகளின் சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. இறைச்சி அருமை. இத்தகைய வளர்ச்சிக் குறைவுக்குச் சிங்க் குறைபாடு காரணமாகலாம் என்று 1961இல் எழுதிய அவர், பின்னர் எகிப்தில் செய்த ஆய்வில் 1963இல் அதை உறுதிப்படுத்தினார். தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் உள்ள பைற்றேற் என்னும் பொருள் சிங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடலை அதை உறிஞ்ச விடுவதில்லை. மா புளிக்கும்போதும் பயறு முளைக்கும்போதும் அந்தப் பைற்றேற் குறைகிறது. தோசைக்கு உழுந்தையும் அரிசியையும் அரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்த எமது அம்மம்மாமாருக்கு இரசாயனவியல் தெரியாது, ஆனால் கைப்பழக்கம் சரியாக இருந்தது.

நியூசிலாந்துக்கும் சிங்குக்கும் தனியான ஒரு தொடர்பு உண்டு. இங்கு வடதீவில் கோடை முடிவிலும் இலையுதிர்காலத்திலும் புல்லில் வளரும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சு மாடுகளினதும் ஆடுகளினதும் ஈரலைப் பழுதாக்கும். அதனால் வெயில் பட்ட தோல் வெந்து உரியும். தெ அரோஹாவில் பண்ணை நடத்திய கிளாடிஸ் றீட் என்ற பெண்மணி, மாடுகளுக்குச் சிங்க் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தார். ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது அலட்சியம்தான். 1970களில் ஹமில்ரனில் உள்ள ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதித்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. இன்றும் பண்ணையாளர்கள் அந்தப் பருவத்தில் சிங்க் கொடுக்கிறார்கள். ஆனால் மாட்டின் நிறையைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அளவு கூடினால் மாட்டுக்கும் அது நஞ்சு. இதைக் கீழே ஓரிடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்புண்ணில் ஆய்வுகள் சொல்வது

குளிசையாக விழுங்கும் சிங்கைத்தான் முதலில் பரீட்சித்தார்கள். 1970களில் நல்ல பலன் என்று சிலர் எழுதினார்கள். 1982இல் வெளிவந்த, மேலே சொன்ன ஒப்பிடும் முறையில் செய்த ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. 2003இல் துருக்கியில் அடிக்கடி வாய்ப்புண் வரும் 40 பேரைச் சோதித்தபோது, ஏறக்குறைய பத்தில் நால்வருக்கு இரத்தத்தில் சிங்க் குறைவாக இருந்தது. ஒரு மாதம் குளிசை கொடுத்தபின் புண்கள் குறைந்தன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சிங்க் குறைவாக உள்ளவருக்குக் கொடுத்தால் பயன் இருக்கலாம், குறைவில்லாதவருக்குக் கொடுத்துப் பெரிதாக எதுவும் நடவாது என்றே தோன்றுகிறது. அடிக்கடி வரும் வாய்ப்புண்ணுக்கு விழுங்கும் மருந்துகள் பற்றிய 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் கொக்றேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, எந்த ஒரு மருந்தையும் இதுதான் சிறந்தது என்று சொல்ல முடியாது என்று முடிந்தது.

புண்ணின் மேலேயே வைக்கும் சிங்க் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு, பெரும்பாலும் சிறியவை. ஈரானில் செய்து 2020இல் வெளியான ஆய்வொன்றில், புண்ணில் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கரையும் சிங்க் சல்பேற் குளிசை நோவையும் புண்ணின் அளவையும் விரைவாகக் குறைத்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அந்தக் குளிசை வேறு, தடிமனுக்காகப் பாமசித் தட்டில் இருக்கும் சூப்பும் குளிசை வேறு. சூப்பும் குளிசைகளில் புளிப்புக்காகச் சிற்றிக் அமிலம் சேர்ந்திருந்தால் புண் மேலும் எரியும். இன்னொன்று: இந்த ஆய்வுகள் இருக்கும் புண் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்றுதான் பார்த்தன. பூசும் சிங்க் அடுத்த புண்ணைத் தடுக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

ஆகவே வாய்க்கென்று தயாரித்த சிங்க் வாய்கொப்பளிப்பு மருந்தோ ஜெல்லோ கிடைத்து, பாமசிக்காரரும் சரியென்று சொன்னால், பெரியவர்கள் ஒரு கிழமைக்குப் பாவித்துப் பார்ப்பதை நாம் தடுக்கமாட்டோம். வாயில் உலோகச் சுவை வரும், சிலருக்குக் குமட்டும். கொப்பளித்துத் துப்பவேண்டும், விழுங்கக்கூடாது. குழந்தையின் நப்பிக் கிறீமும் வெயிலுக்குப் பூசும் சிங்கும் தோலுக்கானவை. அவற்றை வாய்க்குள் பூசவேண்டாம்.

அளவு கூடினால்

பூசுமருந்துதானே, என்ன நடக்கப்போகிறது என்று நினைப்பவர்களுக்காக இரண்டு சம்பவங்கள். பொய்ப்பல்லை முரசில் ஒட்டவைக்கும் சில பசைகளில் முன்பு சிங்க் சேர்த்தார்கள். பொருந்தாத பொய்ப்பல்லுக்காகக் கிழமைக்கு இரண்டு மூன்று குழாய் என்று வருடக்கணக்காகப் பாவித்த சிலருக்குக் கால் விறைத்து, நடை தள்ளாடியது. வாயிலிருந்து உள்ளே போன சிங்க், உடம்பு செம்பை உறிஞ்சவிடாமல் செய்து, செம்புக் குறைவால் நரம்புகள் பழுதாகியிருந்தன. சிலருக்கு அது முற்றாக மாறவுமில்லை. 2010இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனம் சிங்க் சேர்த்த பசைகளின் தயாரிப்பை நிறுத்தியது. மற்றது மூக்கு. தடிமனுக்கு மூக்கினுள் பூசும் சைக்காம் என்ற சிங்க் ஜெல்லால் மணம் தெரியாமல் போனதாக 130க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தபின், 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதைப் பாவிக்கவேண்டாம் என்று அறிவித்தது.

நியூசிலாந்தின் உணவு வழிகாட்டலின்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 14 மி.கி., பெண்களுக்கு 8 மி.கி. சிங்க் போதும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இதைவிடப் பாதியளவு கூடத் தேவைப்படலாம். எல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்கு 40 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மேல் எல்லை 12 மி.கி. மட்டுமே. ஒரு சூப்பும் குளிசையில் 10 மி.கி. இருந்தால், நாளுக்கு ஐந்து சூப்பினாலே பெரியவரின் எல்லை தாண்டிவிட்டது. 220 மி.கி. சிங்க் சல்பேற் என்று எழுதியுள்ள மாத்திரையில் உண்மையான சிங்க் 50 மி.கி. ஆகையால் அது வைத்தியர் சொல்லி, குறித்த காலத்துக்கு மட்டும் எடுக்கவேண்டிய மருந்து. டொக்சிசைக்கிளின், சிப்றோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும் இரும்புக் குளிசையையும் சிங்கோடு ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். இடைவெளி விட்டு எடுக்கவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை எம்மவர்களுக்கென்றே சொல்லவேண்டியது. சித்த வைத்தியத்தில் 'நாக பற்பம்' என்பது நாகத்திலிருந்து, அதாவது சிங்கிலிருந்து செய்வது. ஆயுர்வேதத்தில் 'நாக பஸ்மம்' என்றால் அது ஈயம். அங்கே சிங்கின் பெயர் யசதம். பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்று ஊரிலிருந்து ஒரு டப்பியை வரவழைத்துப் பிள்ளையின் புண்ணில் தடவினால், தடவுவது ஈயமாக இருக்கலாம். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நியூசிலாந்தில் இரத்தத்தில் ஈயம் குறித்த அளவுக்கு மேல் இருந்தால் வைத்தியர் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுப்பவர்கள் அதை எம்மிடம் மறைக்கவேண்டாம். நாம் ஏசப்போவதில்லை.

மீண்டும் மீண்டும் வந்தால் காரணத்தைத் தேடுவோம்

வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து போகும் புண்ணுக்குப் பரிசோதனை தேவையில்லை. மாதாமாதம் வருபவர்களுக்கு, அல்லது ஒன்று மாற முன்னர் அடுத்தது வருபவர்களுக்கு, நாம் முதலில் செய்வது இரத்தப் பரிசோதனை. சிங்கை விட முக்கியமாகப் பார்ப்பது இரும்பு, விற்றமின் பி12, போலிக் அமிலம் ஆகிய மூன்றையும். இரத்தத்தில் சிங்கின் அளவைப் பார்க்கலாம்தான், ஆனால் உடம்பில் ஏதும் அழற்சி இருந்தாலே அந்த எண் இறங்கிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

பி12 எமது சமூகத்தில் பெரிய விடயம். அது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் மட்டுமே இயற்கையாக உண்டு. ஒக்லாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களைச் சோதித்து மாசே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரையிலும், மரக்கறி உண்பவர்களுக்கு பி12 மற்றவர்களை விடக் குறைவாகவே காணப்பட்டது. நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெற்போமின் எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல் எடுப்பவர்களுக்கும் இது குறையலாம். நம் வீடுகளில் ஒரே ஆளே மரக்கறிக்காரராகவும், நீரிழிவுக்காரராகவும், நெஞ்செரிவுக்காரராகவும் இருப்பது அபூர்வமல்ல. மாங்கரே அகதிகள் மீள்குடியேற்ற நிலையத்தின் ஊடாக வந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே இரத்தம் சோதித்திருப்பார்கள். ஆனால் அது அன்றைய நிலை, இன்றைய நிலையல்ல.

பி12 பற்றி ஆச்சரியமான ஆய்வு ஒன்றும் உண்டு. 2009இல் இஸ்ரேலியக் குடும்ப வைத்தியர்கள், அடிக்கடி வாய்ப்புண் வரும் 58 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒவ்வோர் இரவும் நாக்கின் கீழ் 1000 மைக்றோகிராம் பி12 கொடுத்தார்கள். ஆறாவது மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 74 வீதமானோருக்குப் புண்ணே வரவில்லை. வெறும் குளிசை எடுத்தவர்களில் அது 32 வீதம். இரத்தத்தில் பி12 சரியாக இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் பி12 மலிவானது, பாதுகாப்பானது. மீண்டும் வருவதைத் தடுக்க எதையாவது முயற்சிக்க விரும்புபவருக்கு, சிங்கை விட இதையே நாம் முதலில் சொல்வோம். ஒன்று மட்டும்: இரத்தம் கொடுத்த பின்னரே தொடங்குங்கள். முதலே எடுத்தால் குறைபாடு இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

இரும்புக் குறைவு மாதவிடாய் அதிகமுள்ள பெண்களுக்கு வழமை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் எமது பழக்கமும் இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைவென்றால், குளிசையைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு வாய்ப்புண்ணில் தொடங்கிய பரிசோதனை குடல் புற்றுநோயை நேரகாலத்தோடு காட்டிக்கொடுக்கவும் கூடும்.

கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் வாய்ப்புண்ணாக வெளிப்படலாம். இதற்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. பரிசோதனைக்கு முன்னர் பாணையும் பிட்டையும் நிறுத்திவிட்டு வந்தால் முடிவு பிழையாக வரும். புண்ணோடு வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், உடல் மெலிவு இருந்தால் குடல் அழற்சி நோய்களையும், கண் சிவந்து மறைவிடத்திலும் புண் வந்தால் பெசெற் நோயையும் யோசிப்போம்.

பற்பசையையும் கவனியுங்கள். நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லோரில் சல்பேற் சிலருக்கு வாய்ப்புண்ணைக் கூட்டுகிறது என்று 1990களில் நோர்வேயில் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. இருந்தாலும் அது இல்லாத, புளோரைட் உள்ள பற்பசையை மூன்று மாதம் பாவித்துப் பார்ப்பதில் நட்டம் ஏதுமில்லை. கூரான பல், கடிபட்ட கன்னம், பரீட்சைக் காலத்து மன அழுத்தம், நித்திரைக் குறைவு ஆகியவையும் காரணங்களாகும். சிகரெற் விட்டவர்களுக்குச் சில கிழமைகளுக்குப் புண் வருவதுண்டு. அதற்காகத் திரும்பவும் பற்றவைக்க வேண்டாம்.

வேறு என்ன பூசலாம்?

எமது கையில் உள்ளவற்றில் கூடிய ஆதாரமுள்ளது ட்ரையாம்சினொலோன் என்ற ஸ்டெரொயிட் பசை. கூச்சம் தொடங்கியவுடனேயே, படுக்கப்போகும் முன், சிறு துளியைப் புண்ணின்மேல் தேய்க்காமல் ஒற்றிவிடவேண்டும். மூன்றாம் நாள் வரை காத்திருந்தால் பலன் குறைவு. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு புண்ணில் கிருமி சேராமல் காக்கும். பல்லில் கறை பிடிக்கும் என்பதால் சில நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள், பல் தீட்டி அரை மணித்தியாலம் கழித்துக் கொப்பளியுங்கள். நோவுக்குப் பென்சிடமின் கொப்பளிப்பு உதவும். சலிசிலேற் கலந்த ஜெல்கள் அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தவை. பிரித்தானியாவில் 2009இலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்கவேண்டாம் என்கிறார்கள். நாமும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் உப்புத் தண்ணீரும், கிடைத்தால் ஊதா மருந்தும்தான் எமது வாய்ப்புண் வைத்தியம். அந்த ஊதா மருந்தான ஜென்சியன் வயலெற்றைப் பற்றி, புற்றுநோய் ஆபத்து இருக்கலாம் என்று 2019இல் கனடிய சுகாதாரத் திணைக்களம் எச்சரித்தது. அதை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் இன்றும் நல்லது: ஒரு குவளை இளஞ்சூட்டு நீருக்கு அரைத் தேக்கரண்டி. தேங்காய்ப்பாலும் நெய்யும் எரிவைத் தணிக்கும். மணத்தக்காளி, முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், கீரைகளில் போலிக் அமிலம் உண்டு. 'சூடு' என்று அம்மம்மா சொல்லிக் கீரைக்கறி வைத்ததில் பிழையில்லை. கராம்பெண்ணெயையும் கற்பூரத்தையும் அஸ்பிரின் துண்டையும் மட்டும் புண்ணில் வைக்கவேண்டாம். அவை சதையை வேகவைக்கும்.

மூன்று கிழமை

இனித்தான் முக்கியமான பகுதி. எந்த வாய்ப்புண்ணும், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று கிழமையில் மாறாவிட்டால் வைத்தியரோ பல் வைத்தியரோ கண்ணால் பார்க்கவேண்டும். அப்தஸ் புண் நோகும். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் நோகாமலே இருக்கலாம். நோகவில்லை என்பதால் ஆட்கள் பொறுத்திருக்கிறார்கள். விளிம்பு தடித்திருப்பது, தொட்டால் இரத்தம் வருவது, பக்கத்தில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, கழுத்தில் கட்டி, விழுங்கக் கஷ்டம் ஆகியன இருந்தால் மூன்று கிழமையும் காத்திருக்கக்கூடாது. முன்பு ஒருநாளும் வாய்ப்புண் வராதவருக்கு ஐம்பது வயதில் முதன்முறையாக வந்தாலும் காட்டுங்கள்.

இலங்கையில் ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை முக்கிய காரணம். புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே கூறிவிட்டது. வெற்றிலை போடுபவருக்கு உறைப்புப் பட்டால் வாய் எரிவதும், வாயை முன்போல விரித்துத் திறக்க முடியாமல் போவதும் பாக்கினால் வரும் நோயின் அடையாளங்கள். அவருக்குச் சிங்கும் வேண்டாம், தேனும் வேண்டாம். கூட்டிக்கொண்டு வாருங்கள். இங்கு வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பப்பாவும் அம்மம்மாவும் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று வாயைத் திறந்து காட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு, நாக்கின் பக்கங்களையும் அடியையும் கட்டாயம் பாருங்கள்.

சில மருந்துகளோடு வரும் வாய்ப்புண் வேறுவிதமான அவசரம். தைரொயிட்டுக்குக் காபிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால், வெள்ளைக் குருதிக்கலங்கள் குறைந்திருக்கலாம். அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே வைத்தியரிடம் இரத்தம் சோதிக்கவேண்டும். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கவேண்டியது. தவறுதலாக நாளாந்தம் எடுத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வாய்தான். இருதய நோய்க்கான நிக்கொரண்டிலும் ஆழமான புண்களை உண்டாக்கும். அதை மாற்றுவதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

18 வயது வரை இங்கு அடிப்படைப் பல் வைத்தியம் இலவசம். பெரியவர்கள் பல் வைத்தியருக்குப் பணம் கட்டவேண்டியிருப்பதால் தயங்கினால், குடும்ப வைத்தியரிடமே வாயைக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் வைத்தியசாலை நிபுணருக்கு நாமே கடிதம் எழுதுவோம். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் ஹெல்த்லைன் 0800 611 116 இலக்கத்தில் எந்நேரமும் இலவசமாகத் தாதியருடன் பேசலாம். வைத்தியரிடம் வரும்போது புண் வந்த திகதிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள், புண் இருக்கும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஊர் மருந்து, சிங்க் குளிசை, பூசிய ஜெல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.